மஞ்சள் சீட்டு கட்டிய கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் வாங்குவதற்கு முன்னால் வீட்டு வாசலில் குழி தோண்டிய ஆள் ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கூடப் பிறந்தவர் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் நான் சிஸ்டம் டிபார்ட்மெண்டில் இருந்தேன். அவர் வெளியிலிருந்து வரும் சரக்கைச் சோதித்து உள்ளே விடும் பிரிவில் இருந்தார். என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஆனால் அவரைவிடப் பத்து வயது மூத்த லாரி டிரைவர்களும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தக் குரலைக் கேட்ட பிறகு வேறு எப்படியும் கூப்பிட வாய் வராது.

ஐந்தாறு வருஷம் இருக்கும். ஒரு நாள் கேன்டீனில் தட்டோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"கேம் ஆடவும், அத்த அப்டியே லைவா உடவும் ஒரு கம்ப்யூட்டர் வோணும். கடையில ரெடியா கட்டி வச்சது வோணாம். ஒவ்வொண்ணா பாத்து வாங்கி நாமளே கட்டணும். கூட வரியா?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. பிரிண்டரில் மாட்டிய பேப்பரை உருவுவதற்கா நான் படித்தேன்? இந்த மாதிரி ஒரு வேலைக்காகத்தான் காத்திருந்தேன். மூன்று நாள் உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டேன். எந்த பிராசஸர், எந்த கிராஃபிக்ஸ் கார்டு, எந்த கலரில் விளக்கு எரியும் ஃபேன், எல்லாம். ஞாயிற்றுக்கிழமை திருநின்றவூரில் ஏரிப்பக்கம் இருந்த அவர் வாடகை வீட்டுக்கு அதை எடுத்துக்கொண்டு போனேன். அவர் அதை வாங்கி நான்காய் மடித்து ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, சுவரில் இருந்த பிளக் பாயிண்டைக் காட்டினார்.

"இதுல எர்த்து கீதா?"

"இருக்கும்க்கா. மூணு ஓட்டை இருக்கே."

"ஓட்டை கீது. எர்த்து கீதான்னு கேட்டேன்."

வீட்டுக்காரரைக் கேட்டோம். "எல்லா ஊட்டுலயும் கீதும்மா, உன் ஊட்டுல மட்டும் இல்லாம பூடுமா?" என்றார் அவர். அக்கா எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து பிளக்கைக் கழற்றச் சொன்னார். மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை. வெறும் ஓட்டை. அடுத்த வாரம் வாசலில் குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். வீட்டுக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "கம்ப்யூட்டர் வாங்கறேன்னு கெணறு வெட்றியேம்மா" என்றார். எலக்ட்ரீஷியன் டெஸ்ட் பல்பைப் பிடித்தார், பல்பு பளிச்சென்று எரிந்தது. அதை அக்கா தன் கண்ணால் பார்த்த பிறகுதான் ஃபிரிட்ஜ் மேலிருந்த என் பட்டியல் கீழே இறங்கியது.

அவருடைய தொழிலே அப்படி. எங்கள் கம்பெனியில் சோதித்த சரக்கின் மேல் ஒரு சீட்டு கட்டுவார்கள். பச்சை என்றால் எடுத்துக்கொள்ளலாம். சிவப்பு என்றால் திருப்பி அனுப்ப வேண்டும். மஞ்சள் என்றால் சந்தேகம் தீரும்வரை யாரும் தொடக் கூடாது. சரக்கு அனுப்பும் கம்பெனிகள் கூடவே ஒரு தாளும் அனுப்பும், எல்லா அளவும் சரியாக இருக்கிறது என்று. மற்ற ஷிஃப்டில் அந்தத் தாளைப் பார்த்தே பச்சை கட்டிவிடுவார்கள். அக்கா தாளைத் திருப்பிப் போட்டு அதன் மேல் டீ டம்ளரை வைத்துக்கொண்டு அளக்க ஆரம்பிப்பார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான். "சொன்னத எழுதாத. பாத்தத எழுது."

கல்யாண விஷயத்திலும் அப்படித்தான். ஒரு தரகர் ஒரு வரன் கொண்டு வந்தாராம். ஐயப்பன்தாங்கலில் பஸ் டிப்போவுக்குப் பின்னால் சொந்த மாடி வீடு என்று சொல்லியிருக்கிறார். அக்கா சர்ச் முடிந்ததும் சேலை மாற்றாமல் அப்படியே பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வீடு இருந்தது, மாடியும் இருந்தது. மாப்பிள்ளை அந்த மாடியில் வாடகைக்கு இருந்தார். தரகர் அதோடு அந்தத் தெருப்பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். அக்காவின் அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"வாடகை ஊடுன்னா இன்னா இப்போ? நாங்களும் வாடகைதான்" என்று ரயிலில் வரும்போது அக்கா என்னிடம் சொன்னார். "பொய் சொன்னதுகூட பரவால்லடா. இத்த போயி யாரு பாக்கப் போறான்னு நெனச்சாங்க பாரு, அதான் எனக்கு ஆவல."

அந்த ரயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டுக்குத் திரும்பும்போது அக்கா போனில் கேம் ஆடுவார். முகம் தெரியாத நான்கு பேரோடு சேர்ந்து துப்பாக்கி தூக்கும் ஆட்டம். காதில் ஹெட்ஃபோன் மாட்டினால் தான் ரயிலில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். ஒரு முறை பட்டாபிராம் தாண்டும்போது, "பின்னாடி வரான் பாரு!" என்று ஒரு கத்து கத்தினார். மொத்தப் பெட்டியும் திரும்பிப் பார்த்தது. ஒரு பெரியவர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

அவர் குரலைக் குறைக்கச் சொல்லாத ஆள் இல்லை. எங்கள் மேனேஜர் வாரம் ஒரு முறை சொல்வார். சர்ச்சில் பாட்டுக் குழுவில் சேர்ந்தவரை, "நீங்க மத்தவங்களுக்கும் சேர்த்து நீங்களே பாடறீங்க" என்று சொல்லி மூன்றாவது வாரமே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்களாம். வீட்டில் அவர் வாயைத் திறந்தாலே உள்ளேயிருந்து அம்மா, "மெள்ளப் பேசுடி, தெருவுக்கே கேக்குது" என்பார். அந்த அம்மாவுக்கும் அதே குரல்தான். அதுவும் தெருவுக்கே கேட்கும்.

அவர் கேன்டீனில் என்னிடம் வந்து கேட்பதற்கு முந்தின வாரம் அந்தக் குரலுக்குத்தான் ஓர் அழைப்பு வந்திருந்தது. அந்த ஆட்டத்துக்குத் தமிழ்ப் பையன்கள் சிலர் சேர்ந்து ஆன்லைனில் போட்டி நடத்துவார்கள். போட்டியைப் பார்த்துக்கொண்டே வர்ணனை செய்ய அவர்களுக்கு ஆள் தேவைப்பட்டது. அவர்களில் ஒருவன் ஏதோ ஓர் ஆட்டத்தில் அக்காவின் கத்தலைக் கேட்டிருக்கிறான். ஒரு ஞாயிறு மாலை மூன்று மணி நேரம் வர்ணனை செய்து காட்ட வேண்டும், படத்தையும் குரலையும் நீங்களே உங்கள் வீட்டிலிருந்து நேரலையில் விட வேண்டும், நடுவில் அறுந்துபோனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லியிருந்தான். போனில் அது நடக்காது. பத்து நிமிஷத்தில் போன் தோசைக்கல்லாகிவிடும்.

"சின்ன வயசுலேர்ந்து எனக்கு எல்லாரும் சொன்னது ஒண்ணுதான்டா, சத்தத்த கொறைன்னு" என்றார் அக்கா. "மொத தபா ஒருத்தன் போன் பண்ணி, ஒன் சத்தம் வோணும்க்கான்றான். இத்த நான் உட மாட்டேன்."

எனக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கப் பட்டியலை எடுத்து விரித்தேன்.

பட்டியலில் இருந்த ஒவ்வொரு பாகத்துக்கும் அவரிடம் ஒரே கேள்விதான். "இது இல்லாட்டி இன்னா ஆவும்?" பிராசஸர் மட்டமாக இருந்தால் ஆட்டம் ஓடும்போதே நேரலையும் ஓடாது, படம் விக்கும் என்றேன். சரி, இருக்கட்டும் என்றார். கிராஃபிக்ஸ் கார்டுதான் படத்தைச் சுருக்கி இணையத்துக்கு அனுப்பும் வேலையையும் செய்யும் என்றேன். அதுவும் இருக்கட்டும். ராம் மெமரி பாதி போதாதா என்றார், போதாது என்று நான் என் மெஷினில் ஓட்டிக் காட்டிய பிறகு ஒத்துக்கொண்டார். எல்லா பாகத்துக்கும் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற பவர் சப்ளை பெட்டியில் நான் கஞ்சத்தனம் பண்ணியிருந்தேன். எல்லாரும் அங்கேதான் மிச்சம் பிடிப்பார்கள். "எல்லாத்துக்கும் சோறு போடறது இதான். இதுல போயி கைய வைக்கற?" என்று அதைத் தூக்கி இரண்டு படி மேலே வைத்தார். விளக்கு எரியும் ஃபேனுக்கு வந்தோம்.

"இந்த லைட்டு இல்லாட்டி இன்னா ஆவும்?"

"ஒண்ணும் ஆவாதுக்கா. அழகா இருக்கும்."

"யாரு பாக்கறது? நான் ஸ்கிரீனப் பாத்துகினு கீறேன், பாக்கறவங்க கேமப் பாத்துகினு கீறாங்க." விளக்குகள் போயின. அந்த இடத்தில் நல்ல மைக் ஒன்று வந்தது.

அந்த மைக்கை வாங்க ரிச்சி தெருவுக்குப் போனோம். கடையில் நான்கு மைக்கை வரிசையாக வைத்து ஒவ்வொன்றிலும் கத்திப் பார்த்தார். கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, "மேடம், கொஞ்சம் மெதுவா" என்றார். "மெதுவா பேசறதுக்கா மைக் வாங்க வந்துகீறேன்?" என்றார் அக்கா. நான்காவது மைக்தான் அவர் கத்தலில் கரகரக்கவில்லை.

வாங்கி வந்த ஒவ்வொன்றுக்கும் வீட்டில் சீட்டு விழுந்தது. கம்பெனிச் சீட்டை வீட்டுக்குக் கொண்டு வருகிற ஆள் இல்லை அவர். ஆவடியில் ஸ்டேஷனரி கடையில் கலர் அட்டை வாங்கி, அதே அளவில் வெட்டி, ஓட்டை போட்டு, நூல் கோத்து வைத்திருந்தார். பவர் சப்ளைக்குப் பச்சை. மதர்போர்டுக்குப் பச்சை, மூலையில் திருகு ஓட்டை லேசாகக் கீறியிருக்கிறது என்ற குறிப்போடு. ராமைத் தனியாக ஓட்டிப் பார்க்கும்வரை மஞ்சள். வீட்டுக்குள் நடந்தால் காலில் சீட்டுதான் தட்டுப்படும்.

மிச்சம் இருந்தது கேபினெட், அதாவது எல்லாவற்றையும் உள்ளே வைக்கும் இரும்புப் பெட்டி. அந்த வாரம் அக்காவுக்கு ஓவர்டைம். என்னைத் தனியாகப் போய் வாங்கச் சொன்னார். கையில் தன்னுடைய ஸ்டீல் ஸ்கேலையும் கொடுத்தார். "கார்டு முந்நூத்திப் பத்து மில்லி நீளம். பொட்டி உள்ளளவு பாத்து வாங்கு. பாத்து."

கடையில் கூட்டம். கேபினெட் அட்டைப் பெட்டிக்குள் டேப் போட்டு ஒட்டி இருந்தது. பெட்டியின் மேலேயே அச்சடித்திருந்தார்கள், முந்நூற்று இருபது மில்லி நீளக் கார்டு வரை உட்காரும் என்று. பத்து மில்லி மிச்சம். இதைப் போய் யார் அளக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஸ்கேல் பையிலேயே இருந்தது. சாயங்காலம் போனில், "உள்ளளவு பாத்தியா?" என்றார். "பாத்தேன்க்கா, முந்நூத்தி இருவது" என்றேன். எந்தக் கூச்சமும் இல்லாமல் சொன்னேன். பொய் சொல்கிறோம் என்றே தோன்றவில்லை.

வர்ணனை ஞாயிறு மாலை. சனிக்கிழமை மத்தியானம் கட்ட உட்கார்ந்தோம். எல்லாம் ஒழுங்காக ஏறியது. கடைசியாக கிராஃபிக்ஸ் கார்டை எடுத்து வைத்தேன். முன்பக்க ஃபேனில் போய் இடித்தது. சாய்த்துப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன், மூச்சைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தேன். பெட்டியில் அச்சடித்திருந்தது ஃபேன் மாட்டாத அளவு. ஃபேன் இருபத்தைந்து மில்லி கனம். பதினைந்து மில்லி இடிக்கிறது.

அக்கா ஸ்கேலைக் கேட்டார். என் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நான்கு நாளாக அங்கேதான் இருந்தது. உள்ளே வைத்து அளந்தார், எழுதினார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் வாழ்க்கையிலேயே அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

"பாத்தியா, படிச்சியா?"

"படிச்சேன்க்கா" என்றேன்.

கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை. ஒரு மஞ்சள் சீட்டை எடுத்து, 'அளவு பார்க்கவில்லை, படித்தது' என்று எழுதி கேபினெட்டின் கைப்பிடியில் கட்டினார். என் பெயரை அதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் தேவலை என்று இருந்தது. ஐயப்பன்தாங்கல் மாடி வீடு ஞாபகம் வந்து எனக்கு உடம்பே கூசியது.

"மறுபடி கடைக்குப் போயி மாத்திட்டு வரேன்க்கா" என்றேன்.

"நீ போயி, வந்து, கயட்டி, கட்டி, அப்பறம் எப்ப ஓட்டிப் பாக்கறது? ஒக்காரு. இது உள்ள இருந்தாத்தானே இடிக்குது?" என்று ஃபேன்களின் திருகைக் கழற்ற ஆரம்பித்தார். இரண்டு ஃபேனையும் சட்டத்துக்கு உள்பக்கத்திலிருந்து எடுத்து வெளிப்பக்கம் வைத்துத் திருகினோம். கார்டு உட்கார்ந்தது. பத்து மில்லி இடைவெளி, அவரே அளந்தார். ஆனால் இப்போது முன்மூடி மாட்டாது. சுழலும் ஃபேன் வெட்டவெளியில் நின்றது. பஜாருக்குப் போய் ஜன்னலுக்கு அடிக்கும் கொசுவலைக் கம்பி ஒரு துண்டு வாங்கி வந்து முன்னால் வைத்து முடுக்கினார். பார்க்க அசல் கோழிக்கூண்டு. மூன்று நாள் தேடித் தேடி விளக்கு ஃபேன் எழுதிய எனக்கு இது வேண்டும்தான்.

"காத்து போவுதா?"

"போவும்க்கா" என்று சொல்ல வாயைத் திறந்து மூடிக்கொண்டேன். "ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்க்கா" என்றேன்.

ஞாயிறு காலை அவர் சர்ச்சுக்குக் கிளம்பினார். ஆட்டத்தை ஓடவிட்டு, நேரலை போகும் அதே மாதிரி பதிவையும் ஓடவிட்டு, மூன்று மணி நேரம் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை சூட்டை எழுதச் சொல்லி என்னை உட்கார வைத்தார். கட்டம் போட்ட தாள், ஒரு பேனா. எண்பத்தைந்து டிகிரியைத் தாண்டினால் ஆபத்து என்று நானே மேலே எழுதினேன். எழுபத்தொன்று, எழுபத்துமூன்று, எழுபத்துமூன்று. அவர் அம்மா இட்லி கொடுத்தார். இட்லிக்குப் பிறகு கண் செருகிவிட்டது. விழித்துப் பார்த்தால் ஒரு கட்டம் தாண்டிப் போயிருந்தது. எழுபத்துமூன்று என்று போட்டால் கர்த்தருக்கும் தெரியாது. பேனாவைத் தூக்கினேன், வைத்துவிட்டேன். காலியாக விட்டேன்.

அக்கா வந்ததும் தாளைத்தான் முதலில் எடுத்தார். "இங்க இன்னா?"

"தூங்கிட்டேன்க்கா."

தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி. எயுதாம உட்டியே" என்றார். கேபினெட்டில் இருந்த மஞ்சள் சீட்டில் இரண்டாவது வரியாக, 'ஒரு கட்டம் காலி' என்று எழுதினார். சீட்டை மாற்றவில்லை.

மாலை ஐந்து மணிக்கு நேரலை ஆரம்பித்தது. கோழிக்கூண்டு அமைதியாக ஓடியது. படம் விக்கவில்லை. நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து சூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் சரியாக இருந்தது, அக்காவைத் தவிர. முதல் ஐந்து நிமிஷம் ரயிலில் கேட்ட அதே குரல். அப்புறம் குறைந்தது. பிறகு இன்னும் குறைந்தது. அரை மணி நேரத்தில் பேங்கில் டோக்கன் கூப்பிடுகிற மாதிரி பேசிக்கொண்டிருந்தார். பார்ப்பவர்கள் கீழே எழுத ஆரம்பித்தார்கள். தூக்கம் வருது. அக்கா சாப்டலையா. ஒருத்தன் எழுதினான், வேற ஆள் இல்லையா.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பயந்துவிட்டாரோ என்று நினைத்தேன். அப்புறம் அவர் கண் போகிற இடத்தைப் பார்த்தேன். திரையின் மூலையில் குரலின் அளவைக் காட்டும் பட்டை. மெதுவாகப் பேசினால் பச்சை, கொஞ்சம் ஏற்றினால் மஞ்சள், கத்தினால் சிவப்பு. பதினைந்து வருஷமாகச் சிவப்பைப் பார்த்தால் நிறுத்து என்று பழகிய கண் அது. அவர் கத்தும்போதெல்லாம் பட்டை சிவப்பைத் தொடுகிறது, உடனே அவர் குரலை இறக்கிவிடுகிறார். அந்தப் பட்டைகூட அவரிடம் சத்தத்தைக் குறை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. குற்றம் என்னுடையது. காலையில் மைக் எவ்வளவு சத்தத்தை உள்ளே வாங்க வேண்டும் என்று அளவு வைக்கும்போது அவரை ஒன்று, இரண்டு, மூன்று என்று சாதாரணமாகச் சொல்லச் சொல்லி வைத்தேன். கத்தச் சொல்லவில்லை.

முதல் ஆட்டம் முடிந்து ஐந்து நிமிஷம் இடைவேளை. போட்டி நடத்துகிறவன் போன் பண்ணினான். அக்கா வாசலுக்குப் போய், எர்த்துக் குழி பக்கத்தில் நின்று பேசினார். நான் மைக்கின் அளவை இறக்கினேன். நேரலைக்குக் குரல் போகாதபடி அடைத்துவிட்டு, மைக்குக்கு முன்னால் வாயைக் கொண்டுபோய், நெஞ்சில் இருந்த காற்றையெல்லாம் கூட்டி, "பின்னாடி வரான் பாரு!" என்று கத்தினேன். அடுக்களையில் ஒரு பாத்திரம் விழுந்தது. பட்டை மஞ்சளில் நின்றது. இன்னும் கொஞ்சம் இறக்கி, இன்னும் இரண்டு முறை கத்தினேன். மஞ்சளைத் தாண்டவில்லை. தொண்டை எரிந்தது.

அக்கா உள்ளே வந்தார். முகம் விழுந்திருந்தது. "இன்னும் ஒரு ஆட்டம் பாப்பாங்களாம். இல்லாட்டி அடுத்த ஆளாம்" என்றார்.

"கத்துங்கக்கா. எவ்ளோ வேணா கத்துங்க. செவப்புக்குப் போவாது."

"சொல்றியா, பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

திரையில் பத்து, ஒன்பது என்று எண்ணிக்கை இறங்கிக்கொண்டிருந்தது. எப்போதும் என்றால் என்னை நகரச் சொல்லிவிட்டுத் தானே கத்திப் பார்த்திருப்பார். அவர் கண் பட்டைப் பக்கம் போகவில்லை. என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, மூலையில் இருந்த பட்டையைக் கையால் காட்டினார்.

"அத்த மூடு."

மூடினேன். ஆட்டம் ஆரம்பித்தது. முதல் துப்பாக்கி வெடித்ததும் அக்கா ஒரு கத்து கத்தினார் பாருங்கள், எனக்கு ஸ்டூலிலிருந்து கால் வழுக்கியது. அதற்குப் பிறகு நிறுத்தவே இல்லை. கீழே எழுதுகிறவர்கள் வரிசை படிக்க முடியாத வேகத்தில் ஓடியது. உள்ளேயிருந்து அவர் அம்மா, "மெள்ளடி!" என்று அதைவிடப் பெரிதாகக் கத்தினார், அதுவும் நேரலையில் போனது, அதற்கும் சிரித்து எழுதினார்கள். தெருவில் இரண்டு பேர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். வீட்டுக்காரரும் வந்தார், நின்று கேட்டுவிட்டுப் போனார்.

இப்போது நான் ஒரகடத்தில் வேறு கம்பெனியில் இருக்கிறேன். அக்காவைப் பார்த்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் போனைத் திறந்தால் அந்தக் குரல் வந்துவிடும். கூண்டு வைத்த அதே பெட்டிதான் இன்னும் ஓடுகிறதாம், மஞ்சள் சீட்டு இன்னும் அதில்தான் தொங்குகிறதாம். ஒரு நாள் போனில், இத்தனை வருஷம் ஓடிவிட்டதே, பச்சை கட்டக் கூடாதா என்று கேட்டேன். "அந்த ஒரு கட்டம் காலியாத்தானேடா கீது" என்றார்.

அது அப்படியே இருக்கட்டும். எதையும் அளக்காமல் விடாத ஒருவர், அளவு காட்டும் பட்டையை மூடச் சொல்லிவிட்டு, நான் பார்த்தேன் என்று சொன்னதை மட்டும் நம்பிக் கத்தினார். எனக்கு அது போதும்.